நின்ற நேரம்

வாலிநோக்கம் போகும் சாலையில்
பனைக்கும் பாத்திக்கும் நடுவே எங்கள் ஆலை.
உப்பைக் கழுவி, அரைத்து, உலர்த்தி
ஒரு கிலோ பையில் போட்டு ஒட்டுகிறோம்.
இரும்பு இங்கே சீக்கிரம் கிழடாகும்.
வைகாசியில் மாற்றிய போல்ட்டின் தலையை
ஆடிக் கச்சான் முடிவதற்குள்
நகத்தால் பெயர்க்கலாம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள்.
எங்கள் பக்கெட் எலிவேட்டரின் சங்கிலி
நினைத்துக்கொண்டேதான் இருக்கிறது,
கண்ணி கண்ணியாக.

பராமரிப்பு நோட்டில் என் கையெழுத்து.
தேதி. நின்ற நேரம். ஓடிய நேரம். காரணம்.
காரணத்தில் மூன்று வருடமாக
நானும் சேதுராசும் எழுதியது ஒன்றே:
பேரிங் போச்சு.
செத்தவன் எப்படிச் செத்தான் என்றால்
மூச்சு நின்று என்பது மாதிரி.

"போச்சுன்னா எங்க போச்சு, உபைதுல்லா?"
புது மேலாளர் தாமோதரன் கேட்டார்.
கோபமில்லாமல் கேட்டார்,
அதுதான் உறுத்தியது.

நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்
விடிய விடிய எண்ணினேன்.
கீழ்ப் பேரிங் மட்டும் பன்னிரண்டு முறை.
அதில் ஒன்பது, செவ்வாய்.
செவ்வாய்க்கிழமைக்கு எங்கள்மேல் என்ன பகை?
எலுமிச்சம்பழம் ஒன்று கட்டலாம் என்றான் சேதுராசு,
சிரிக்காமல்.
கட்டினோம்.
அடுத்த செவ்வாய் பழம் இருந்தது,
பேரிங் இல்லை.

கண்டுபிடித்தவள் பேக்கிங் மங்களேஸ்வரி.
சீல் வைக்கும் கையை நிறுத்தாமல்
என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
"திங்கக்கிழமை சாயங்காலம் ஓஸைப் போட்டுத்
தரையைக் கழுவச் சொல்றீங்க.
தரை மட்டுமா குளிக்குது?
அதுக்குக் காதுல தண்ணி போகுது, பாய்.
அன்னைக்குச் சும்மா இருக்கும்.
மறுநாள்தான் வலிக்கும்."

பிளாஸ்டிக் பெயிண்ட் வாளியைப் பாதியாக வெட்டி
விளிம்பில் சைக்கிள் டியூப் சுற்றி
பேரிங்குக்கு ஒரு குடை போட்டேன்.
செலவு, இரண்டு டீ.
அதற்கப்புறம் நாற்பத்தோரு நாள்
எலிவேட்டர் மூச்சுக்கூட வாங்கவில்லை.
தாமோதரன் பலகையில் பூஜ்யம் எழுதி
பூஜ்யத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டு
எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

மங்களேஸ்வரி லட்டை உள்ளங்கையில் வாங்கி
விரல் படாமல் குனிந்து
நாக்கால் எடுத்தாள்.

அப்போதுதான் பார்த்தேன்.
பத்து விரல் நுனியும் வெடித்திருந்தன.
வெடிப்புக்குள் உப்பு.
முன்பெல்லாம் எலிவேட்டர் நின்றால் பெல்ட்டும் நிற்கும்.
ஒன்பது பெண்களும் நல்ல தண்ணியில் கைகழுவி
தேங்காயெண்ணெய் தடவி
ஷட்டர் பக்கம், கடல் காற்றுக்கு
விரலை விரித்து நிற்பார்கள்.
நான் ஸ்பேனரோடு மல்லாந்து கிடந்து
அவர்கள் கணுக்கால்களை மட்டும் பார்த்திருக்கிறேன்.
அந்த நேரத்துக்கு நோட்டில் கட்டம் கிடையாது.

தெரிந்தேதான் சொன்னாயா என்று கேட்டேன்.
"நின்னா, நின்ன கணக்கைச் சாயங்காலம் கழிக்கணும்.
ஏழரை பஸ் போயிரும்.
ஓடுனா விரல் போயிரும்.
ரெண்டுல ஒண்ணுன்னா
பஸ்ஸுதான் பாய் வேணும்."

இப்போது தினமும்
பதினொன்றுக்கு ஒரு தடவை, மூன்றரைக்கு ஒரு தடவை
பன்னிரண்டு நிமிடம் நிறுத்துகிறேன்.
கிரீஸ் அடிக்க நாலு போதும்.
ஓடும்போதே அடிக்க முடியாதா என்றார் தாமோதரன்.
கடல் காற்று சார், என்றேன்.
இது ஒரு பதிலே இல்லை.
என் முகத்தைப் பார்த்தார்.
ஷட்டர் பக்கம் பார்த்தார்.
அங்கே காற்றில் தொண்ணூறு விரல்கள்.
சாக்பீஸை எடுத்துப் பலகையில்
திட்டமிட்ட நிறுத்தம் என்று எழுதினார்.
சாயங்காலம் கழிக்க வேண்டாம் என்பதைப்
போகிறபோக்கில் சொன்னார்.

காரணம் என்ற கட்டத்தில்
எண்ணெய் போட, என்று எழுதுகிறேன்.
யாருக்கு என்று கட்டம் கேட்பதில்லை.

அந்த எலுமிச்சை இன்னும் அங்கேதான் தொங்குகிறது,
உப்புப் பொடி ஏறி, சுருங்கி,
முக்கால் ஊறுகாயாக.
வேலை செய்தது அதுதான் என்று
சேதுராசு இன்றைக்கும் சாதிக்கிறான்.